நோன்பும் நீரிழிவு மருந்தும்

(தசலட்சண பர்வச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் சமணச் சான்றோர் இயற்றிய இரண்டு, மருந்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து சிறு வேர்களால் ஆன மருந்தின் பெயர். கணிமேதாவியாரின் ஏலாதி, ஏலம் முதலாக இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என ஆறும் கூடிய சூரணத்தின் பெயர். அச்சூரணத்திற்கு ஓர் அளவும் சொல்லப்படுவதுண்டு. ஏலம் ஒரு பங்கு என்றால் இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று என ஏறிச் சென்று, சுக்கு ஆறு பங்காக முடியும். மருந்தின் பெயரை மட்டும் அறிந்தால் போதாது, அதன் அளவும் அறிய வேண்டும் என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். ஆகாரம், அபயம், மருந்து, சாத்திரம் என நால்வகைத் தானங்களை வகுத்தபோதும் அவர்கள் மருந்தை உணவுக்கு இணையாக வைத்தார்கள்.

இன்று வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி வட்டாரத்துச் சமண இல்லங்களில் சுவாமி அறைக்கு அடுத்தபடியாகப் பேணப்படும் பொருள் ஒன்று உண்டென்றால் அது மாத்திரை டப்பாதான். அதற்குள் இருப்பவற்றுள் பெரும்பாலானவை நீரிழிவுக்கானவை. பத்தாண்டு, பதினைந்தாண்டு உட்கொண்டு வருபவர்கூட 'வெள்ளை மாத்திரை, பச்சை மாத்திரை' என்றே அவற்றைக் குறிப்பிடுகிறார். ஏனைய குடும்பங்களுக்கு இந்த அறியாமையால் பெரும் இடர் வாராமல் போகலாம். மாலை ஒளி மங்குமுன் உண்டு முடித்து, அட்டமி, சதுர்த்தசிகளில் நோன்பிருக்கும் குடும்பத்திற்கு அப்படியன்று. என்ன இடர் வரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம்.

ஒரு சிற்றூர். எழுபது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர், தசலட்சண பர்வத்தின் நிறைவு நாளான சதுர்த்தசியன்று உபவாசம் மேற்கொண்டார். இளமை முதல் விடாத வழக்கம் அது. நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவர் விட்டாரில்லை. விடியற்காலையில் நீராடி, வழக்கம்போல் மாத்திரையை இரண்டு மிடறு நீரில் விழுங்கிவிட்டு ஆலயம் சென்றார். மருந்து உணவாகாது, ஆகவே விரதத்திற்குக் குறைவில்லை என்பது அவர் எண்ணம். மருந்தைத் தவறவிடாத ஒழுங்கும் அவரிடம் இருந்தது. அந்த ஒழுங்கே அன்று இடராயிற்று.

முற்பகல் பதினொரு மணிக்கு அவர் கை நடுங்கிற்று. முகம் வியர்த்தது. அருகில் இருந்தவரை வேறொரு பெயரிட்டு அழைத்தார். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத விடை சொன்னார். நோன்பின் களைப்பு என்று சிலர் கூறினர். காற்று வர விசிறினர். ஒருவர் செவியருகே பஞ்ச நமஸ்காரம் ஓதத் தொடங்கினார். மகன் குளுக்கோஸ் பொட்டலத்தைக் கையில் எடுத்து வந்துவிட்டார், ஆனால் பிரிக்கவில்லை. தாய் எடுத்த விரதத்தைத் தன் கையால் கெடுப்பதா என்ற தயக்கம் அவருக்கு.

அந்நேரம் அந்தக் கையில் இருந்த தயக்கம்தான் இன்றைய பேச்சின் பொருள். மூதாட்டியார் விழுங்கியது எந்த மாத்திரை, அது வயிறு வெறுமையாக இருக்கும்போது என்ன செய்யும் என்ற இரண்டையும் அவ்வீட்டில் ஒருவராவது முன்னமே அறிந்திருந்தால் அத்தயக்கத்திற்கே இடமிருந்திராது.

உண்ணாதிருக்கும் உடல் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை முதலில் காண்போம். உண்ட உணவு குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், அக்குளுக்கோசைத் தசைக்கும் பிற உறுப்புகளுக்கும் உள்ளே செலுத்துகிறது. மிகுந்ததைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. உணவில்லாத வேளையில் கணையம் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ள, கல்லீரல் தன் சேமிப்பைச் சிறிது சிறிதாக வெளியிடும். ஒரு நாள் உபவாசம் நலமுள்ளவருக்கு எளிதாவது இந்த ஏற்பாட்டால்தான். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பது குறைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுரப்பும் குறைகிறது. வெறும் வயிற்றில் குருதிச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறு சோதனையும் அதனை உறுதிசெய்தால் நீரிழிவு என்கின்றனர். அது 70-க்குக் கீழே இறங்கினால் அதன் பெயர் தாழ்சர்க்கரை. உயர்ந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கேடு செய்யும். தாழ்ந்த சர்க்கரையோ சில மணி நேரத்தில், சிலவேளை நிமிடங்களில், அறிவை மயக்கிவிடும். மூளை குளுக்கோசை நம்பி வாழும் உறுப்பு.

ஆகவே நோன்பிருக்கும் இல்லத்தார் எந்த மாத்திரையைக் குறித்தும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. உணவு வந்தாலும் வாராவிட்டாலும் இது சர்க்கரையைக் கீழே இழுக்குமா?

இழுக்கும் என்று விடை வரும் குடும்பம் சல்போனைல்யூரியா எனப்படும். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை அதில் அடங்கும். இக்குடும்பம் கண்டறியப்பட்ட கதையே இதன் இயல்பைச் சொல்லிவிடும். 1942-இல் பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில் மார்செல் ழான்போன் என்னும் மருத்துவர், டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்பா மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சலுக்கெனக் கொடுத்த மருந்து நோயாளிகளின் குருதிச் சர்க்கரையை அச்சந்தரும் அளவுக்குத் தாழ்த்திவிட்டது. ஏற்கெனவே காய்ச்சலால் நலிந்து சரியாக உண்ணாதிருந்தவர்கள் அவர்கள். அம்மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்பதை அதே நகரைச் சேர்ந்த ஒகுஸ்து லூபாத்தியேர் ஆராய்ந்து காட்டினார். பக்க விளைவாகத் தெரிந்த அது, பின்னர் நீரிழிவு மருந்தாயிற்று. உண்ணாதவர் உடலில் முதன்முதல் வெளிப்பட்ட மருந்து, இன்றும் உண்ணாதவர் உடலில்தான் மிகுதியாகத் தீங்கு செய்கிறது.

நலமுள்ள கணையம் சர்க்கரை இறங்கியதும் சுரப்பைத் தளர்த்தும் என்று கண்டோம். இம்மாத்திரை அத்தளர்ச்சிக்கு இடங்கொடாது. மாட்டை வண்டியிலிருந்து அவிழ்த்த பின்னும் ஒருவன் தார்க்கோலால் குத்திக்கொண்டே இருப்பதைப் போன்றது அது. கிளிபென்கிளமைடு நெடுநேரம் உடலில் தங்குவதாலும், சிறுநீரகம் தளர்ந்த முதியோரிடம் இன்னும் நீடிப்பதாலும், வயதானவர்களுக்கு அதனைத் தவிர்க்குமாறு மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இதற்காக இக்குடும்பத்தையே வெறுக்க வேண்டியதில்லை. விலை மலிவு, சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் மிகுதி, வேளைக்கு உண்பவருக்கு நல்ல துணை. வேளை தவறுபவருக்கு மட்டுமே அது ஆகாத துணை.

மூதாட்டியார் அன்று விழுங்கியது கிளிமிபிரைடும் மெட்பார்மினும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. இன்று மருந்துக்கடைகளில் இரண்டும் மூன்றும் சேர்ந்த இத்தகைய கூட்டு மாத்திரைகளே மிகுதியாக விற்கின்றன. 'ஒரே ஒரு மாத்திரைதான் போடுகிறேன்' என்று நிறைவோடு சொல்பவர், அட்டையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே மூவர் குடியிருப்பதைக் காண்பார். அட்டையின் பின்புறம் வணிகப் பெயருக்கு அருகே சிறிய எழுத்தில் மருந்துகளின் உண்மைப் பெயர்கள் இருக்கும். கண்ணாடி அணிந்தேனும் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

மெட்பார்மின் வேறு இயல்பினது. ஐரோப்பாவில் முற்காலத்தே நாட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்னும் செடியின் வேதிப்பொருளோடு உறவுடைய இது, 1922-இல் டப்ளினில் செயற்கையாக ஆக்கப்பட்டது. 1957-இல் பாரிசைச் சேர்ந்த மருத்துவர் ழான் ஸ்டேர்ன் நீரிழிவுக்கு இது பயன்படுவதை வெளியிட்டார். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை வெளிவிடுவதை இது அடக்குகிறது, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கவும் உதவுகிறது. கணையத்தை இது விரட்டுவதில்லையாதலால் தனியே உட்கொண்டால் தாழ்சர்க்கரை வருவது அரிது. உணவோடு உட்கொண்டால் வயிற்றுத் தொல்லை குறையும். சிறுநீரகம் மிகத் தளர்ந்தவருக்கு ஆகாது.

மெட்பார்மினைப் பற்றிச் சமண இல்லத்தார் தனியே அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு இது பி-12 என்னும் வைட்டமினைக் குடல் ஈர்ப்பதைக் குறைக்கிறது. அந்த வைட்டமின் இயல்பாகக் கிடைப்பது உயிரினங்களிலிருந்து வரும் உணவில் மட்டுமே. புலால் மறுத்தவர்க்குப் பாலும் தயிருமே வழி, அதையும் அளவாகக் கொள்பவருக்கு ஏற்கெனவே கையிருப்பு குறைவு. அக்குறைந்த இருப்பின்மேல் மெட்பார்மினும் பத்தாண்டு அமர்ந்தால் கால் மரத்தல், பாதம் எரிதல், நடை தள்ளாடுதல், மறதி, சோகை எல்லாம் தோன்றும். 'சர்க்கரையால் நரம்பு போய்விட்டது' என்று எண்ணிக் கையறுநிலையில் இருப்போருள் சிலருக்கு உண்மைக் காரணம் எளிதில் தீர்க்கத்தக்க இக்குறையாக இருக்கலாம். ஒரு குருதிச் சோதனை அதனைக் காட்டிவிடும். பி-12 மாத்திரையில் புலால் உண்டோ என்ற ஐயமும் எழும். மருந்தாகும் அவ்வைட்டமின் நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்க வைத்து ஆக்கப்படுவது, விலங்கைக் கொன்று எடுக்கப்படுவதன்று. மாத்திரையாக இன்றி ஜெலட்டின் உறையில் வந்தால் அந்த உறைதான் விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து பெறப்பட்டதாக இருக்கும். உறையில்லாத மாத்திரையையோ, தாவர உறையையோ கேட்டு வாங்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேட்பது பிழையாகாது.

கிளிப்டின் என்று முடியும் பெயருடையவை, அதாவது சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்றவை, உணவு வயிற்றில் விழுந்து சர்க்கரை ஏறும்போதே கணையத்தைத் தூண்டுவன. தனியே இருந்தால் நோன்பு நாளில் இவற்றால் பெரும் அச்சமில்லை. பயோகிளிட்டசோனும் தனியே சர்க்கரையைத் தாழ்த்திவிடுவது அரிது. கால் வீக்கமும் இதயத் தளர்ச்சியும் உள்ளவர்கள் அதனைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஃபுளோசின் என்று முடிபவற்றைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்பன இன்று பெருகிவருகின்றன. ஆப்பிள் மரப்பட்டையில் 1835-இல் கண்டெடுக்கப்பட்ட புளோரிசின் என்னும் கசப்புப் பொருள் இவற்றின் மூதாதை. சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை மீண்டும் உறிஞ்சாதபடி தடுத்து, அதனைச் சிறுநீரோடு வெளியேற்றுவது இவற்றின் தொழில். இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் இவை செய்யும் நன்மை பெரிது. தனியே உட்கொண்டால் தாழ்சர்க்கரை வருவதும் அரிது. அதனால் நோன்புக்கு ஏற்றவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் சர்க்கரையோடு நீரும் வெளியேறுகிறது. நீரும் அருந்தாத உபவாசத்தில் உடல் வறண்டு, இரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றதும் மயங்கி விழ நேரும். இன்னொரு கேடும் உண்டு. உணவின்றி இருக்கும் உடல் கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன் என்னும் அமிலப்பொருள்கள் பெருகும். இம்மருந்து உள்ளவரிடம் அது அளவு கடந்து குருதியே அமிலமாகலாம். அப்போது சர்க்கரை மிக உயர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகையால் வீட்டுக் கருவி 'நன்றாகவே இருக்கிறது' என்று பொய்யான ஆறுதல் சொல்லும். குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல் தோன்றினால் நோன்பை எண்ணாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொடர் உபவாசம் மேற்கொள்வோர் இம்மருந்தைச் சில நாள் முன்னரே நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

நோன்பு நாள்களை விட்டு அன்றாட வாழ்வுக்கு வருவோம். மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதப்பட்டிருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று என்பது பொருள். எழுதியவர் மனத்தில் இரவு உணவு எட்டரை மணி. சமண இல்லத்திலோ மாலை ஐந்தரை மணிக்கே உணவு முடிந்துவிடுகிறது. பெரியவர் ஐந்தரைக்கு உண்டு, சீட்டை மதித்து எட்டரைக்கு மாத்திரை விழுங்குகிறார். வயிற்றில் உணவு கரைந்தபின் மருந்து வந்து சேர்கிறது. அதன்பின் மறுநாள் காலை வரை ஒன்றுமில்லை. நள்ளிரவில் உடை நனைய வியர்த்தல், கெட்ட கனவு, காலையில் தலைவலி என்பன இத்தகைய வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறையீடுகள். தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாக அவை இருக்கலாம். பகலிலே உண்ணும் வழக்கம் நீரிழிவுக்கு நல்லதே, அதில் ஐயமில்லை. மருத்துவருக்கு அவ்வழக்கம் தெரியாமலிருப்பதே குறை. 'இரவு சாப்பிடுவதில்லை, மாலை ஐந்தரைக்கே உணவு' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஏனோ பலர் கூசுகின்றனர். சொன்னால் மருத்துவர் மாத்திரையின் நேரத்தை மாற்றித் தருவார், அல்லது மாத்திரையையே மாற்றித் தருவார்.

இனி இன்சுலின். ஊசி என்றதும் வரும் அச்சத்தோடு சமணர்க்கு மற்றொரு தயக்கமும் இருந்தது. அது நியாயமானதே. 1921-இல் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களின் கணையத்திலிருந்து அதனைப் பிரித்தனர். 1922 சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், காலிப் தூய்மை செய்து தந்த மருந்தால் சாவின் விளிம்பிலிருந்து மீண்டான். அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகம் பயன்படுத்திய இன்சுலின், கொல்லப்பட்ட மாடுகள், பன்றிகளின் கணையத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ 225 கிராம் தூய இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன என்று கூறுவர். உயிர் காக்கும் ஊசியை அன்று மறுத்த முதியவர்களை அறியாதவர் என்று இகழ்வது தகாது.

அந்நிலை மாறிவிட்டது. மனித இன்சுலினுக்குரிய மரபுக்குறிப்பை எச்சரிக்கையுடன் நுண்ணுயிரியில் பொருத்தி அதனையே ஆக்கச் செய்யும் முறை 1978-இல் அமெரிக்காவில் கைகூடியது. 1982-இல் அது விற்பனைக்கு வந்தது. இ.கோலை என்னும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் இதற்குப் பயன்படுகின்றன. பெங்களூருவின் பயோகான் நிறுவனம் ஒருவகை ஈஸ்ட்டைக் கொண்டு ஆக்குகிறது. இன்று மருத்துவர் எழுதும் இன்சுலின் பெரும்பாலும் இவ்வகையினதே. ஓரறிவுயிரைப் பற்றிய வினா இங்கும் எழும் என்று நுணுக்கமாக ஆராய்வோர் கூறலாம். ஈரறிவு முதலான இயங்குயிர்களை எண்ணிக் கொல்லாமையே இல்லறத்தாரின் அணுவிரதம் என்பதை அவர்களே அறிவார்கள். எதற்கும் ஐயமிருப்பின் குப்பியோடு வரும் தாளில் எதிலிருந்து ஆக்கப்பட்டது என்பது எழுதப்பட்டிருக்கும். பல்லி இனத்தைச் சேர்ந்த கிலா என்னும் பிராணியின் நஞ்சிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் எக்சனடைடு ஊசியும் அவ்வாறே. கண்டறிந்தது அந்நஞ்சில், 2005-இல் விற்பனைக்கு வந்ததோ ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கப்பட்டது.

இன்சுலினும் சல்போனைல்யூரியாவைப் போல் உணவுக்குக் காத்திராதது. அதனால் நோன்பு நாளில் அளவைக் குறைப்பது மருத்துவரின் பொறுப்பு. தானாக முற்றும் நிறுத்துவதும் கேடே. நீண்டநேரம் செயற்படும் இன்சுலினை அடியோடு விட்டுவிட்டு, மறுநாள் பாரணையில் சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் உண்டு சர்க்கரை நானூறைத் தொட்டவர்களும் உண்டு. நோன்பின் இடரை எல்லோரும் பேசுகின்றனர். பாரணையின் இடரைப் பேசுவாரில்லை.

தாழ்சர்க்கரை வந்தால் செய்ய வேண்டியது என்ன? விழுங்கும் நிலையில் இருப்பவருக்குப் பதினைந்து கிராம் குளுக்கோசை, ஏறத்தாழ மூன்று தேக்கரண்டியை, நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இங்கே வெல்லப் பானகத்தை நம்புவோர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. வோக்ளிபோஸ், அகார்போஸ் என்னும் மருந்துகள் மாவுப்பொருளும் சர்க்கரையும் குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவன. கூட்டு மாத்திரைகளில் வோக்ளிபோஸ் மூன்றாமவராக அமர்ந்திருப்பது வழக்கம். அதனை உட்கொண்டவருக்குச் சர்க்கரையோ வெல்லமோ கொடுத்தால் உடையத் தாமதமாகும், விரைந்து மீட்காது. குளுக்கோசுக்கு உடைய வேண்டிய தேவையே இல்லை. ஆகவே அத்தகையோர் வீட்டில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும்.

எல்லாம் சொன்னபின், நீரிழிவுள்ளவர் நோன்பையே கைவிட வேண்டுமோ என்ற வருத்தம் முதியோர் உள்ளத்தில் எழும். முதல்வகை நீரிழிவுடையோர், கருவுற்றோர், சிறுநீரகம் தளர்ந்தோர், அண்மையில் தாழ்சர்க்கரையால் வீழ்ந்தோர், தனித்து வாழும் மிக முதியோர் ஆகியோருக்கு முழு உபவாசம் தகாது. ஏனையோர் மருத்துவரோடு கலந்து, மருந்தை முன்கூட்டியே திருத்திக்கொண்டு, வீட்டில் சோதித்துப் பார்த்து, எழுபதுக்குக் கீழே இறங்கினால் விரதத்தை முடித்துக்கொள்வதென்ற உறுதியோடு இருக்கக்கூடும். விரல் நுனியில் ஒரு துளிக் குருதி எடுப்பது நோன்பைக் கெடுப்பதாகாது.

புறத்தவம் ஆறு என்று ஆகமம் வகுத்திருப்பதை இங்கு நினைக்க வேண்டும். உண்ணாமையாகிய அனசனம் அவற்றுள் ஒன்று மட்டுமே. வயிறு நிறையாமல் குறைத்துண்ணும் அவமோதரியமும் தவமே. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய சுவைகளைத் துறக்கும் ரசபரித்தியாகமும் தவமே. நெய்யும் இனிப்பும் உப்பும் விட்டு, அளவாக வேளைக்கு உண்ணும் ஒருவர் விரதத்தையும் காக்கிறார், மருத்துவரின் சொல்லையும் காக்கிறார். இவ்வளவு பொருத்தமான ஒன்றைப் பலர் இரண்டாந்தரமாக எண்ணுவது வியப்பே. தீர்த்தங்கர நாமகருமத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்தும் தவம் 'ஆற்றலுக்கு ஏற்ப' என்ற அடைமொழியோடுதான் வருகிறது. விழிப்பு தவறாதிருத்தல் விரதத்தின் உயிர். சர்க்கரை நாற்பதுக்கு இறங்கியவரிடம் அந்த விழிப்பு இல்லை.

மூதாட்டியாரிடம் திரும்புவோம். செவிலியர் படிப்புப் படிக்கும் பேத்தி ஆலயத்திற்குள் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தபோது கருவி 42 என்று காட்டியது. அவள் தந்தையின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, நீரில் கலக்கி, "ஆயா, விழுங்குங்கள்" என்று ஊட்டினாள். கால் மணியில் 63. மீண்டும் ஒரு முறை. பின்பு 98. கண் தெளிந்தும் அவரை வீட்டிற்கு அழைத்துச் செல்ல அவள் உடன்படவில்லை. கிளிமிபிரைடு உள்ளே இருக்கும்வரை சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்றாள். அன்றிரவு மருத்துவமனையில் அவ்வாறே ஒரு முறை இறங்கவும் செய்தது.

மறுநாள் மூதாட்டியார் கேட்ட முதல் கேள்வி, "விரதம் போயிற்றா?" என்பதுதான். பார்க்க வந்த ஆலய உபாத்தியாயர், "தவறியதற்குப் பிராயச்சித்தம் என்று ஒன்று இருக்கிறதே அம்மா, அதுவும் தவத்துள் ஒன்றுதானே" என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும் மருத்துவரிடம் ஒரு தாளை நீட்டினார். அவ்வாண்டின் மீதி நாள்களுக்குரிய அட்டமி, சதுர்த்தசிகளின் தேதிகளையும், வீட்டில் மாலை உணவு முடியும் நேரத்தையும் அதில் எழுதியிருந்தார். மருத்துவர் அதனைப் படித்துவிட்டு, "ஒன்பது வருடமாக இதைச் சொல்லவே இல்லையே" என்றார். கிளிமிபிரைடை நிறுத்தி வேறு மருந்து எழுதினார். அடுத்த சதுர்த்தசியன்று மூதாட்டியார் நெய்யும் இனிப்பும் உப்பும் இன்றிக் கஞ்சியும் பயறும் அளவாக உண்டார். முற்பகலில் பேத்தி தொலைபேசியில் கேட்டபோது, கருவியைப் பார்த்து "நூற்றுப் பதினெட்டு" என்று தாமே படித்துச் சொன்னார்.